ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

இந்த ஊர்க் கார்களுக்கு ஹீட்டரே கிடையாது என்று மோகனராஜ் தன் மனைவியிடம் சொன்னபோது, அது பொய் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். முப்பது வருஷமாகப் பினாங்கு ஜெலுத்தோங்கில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மனுஷனுக்கு இதுகூடத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் சொன்னார். குரல் கொஞ்சம்கூடப் பிசகாமல் சொன்னார்.

கேட்டவள் தனலெட்சுமி. கேட்ட இடம், அவர்களுடைய பழைய ஜப்பான் காரின் முன்சீட். அன்றைக்கு அவளுக்கு மூன்றாவது தடவையாக டயாலிசிஸ் முடிந்திருந்தது. நாலு மணி நேரம் அவளுடைய இரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், இயந்திரத்துக்குள் சுற்றிவிட்டு, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வந்திருந்தது. சிலருக்கு அதற்குப் பிறகு ஒரு குளிர் பிடிக்கும், வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் வரைக்கும் விடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அந்தச் சிலரில் ஒருத்தியாகத் தனலெட்சுமி இருந்தாள். வெளியே ரோட்டில் தார் இளகிக்கொண்டிருந்தது. உள்ளே அவளுக்குப் பல் கிட்டியது.

"என்னங்க, இதுல பாதி நீலம் பாதி செவப்புன்னு கோடு போட்டிருக்கே. செவப்புப் பக்கம் திருப்புனா சூடு வராதா?" என்று கேட்டுக்கொண்டே அந்தக் குமிழைத் திருப்பினாள். வந்தது ஜில்லென்ற காற்றுதான்.

"அது சும்மா அழகுக்குப் போட்டிருக்கான்லா. இந்த ஊர்க் காருக்கு ஹீட்டரே கெடையாது தனம். வெளிய பாரு, முட்டைய ஒடச்சி ஊத்துனா வெந்துரும். நமக்கு எதுக்கு ஹீட்டரு?"

அவள் நம்பினாள். காரைப் பற்றி அவர் எதைச் சொன்னாலும் அவள் நம்புவாள். குமிழைப் பழையபடி நீலத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, மடியிலிருந்த துண்டை எடுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள்.

உண்மை என்னவென்றால், அந்தக் காருக்கு ஹீட்டர் இருந்தது. இருந்ததைக் கெடுத்தவர் மோகனராஜ்தான். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை, பெருமைதான் இருந்தது. ஜப்பான்காரன் பனி விழுகிற ஊரை நினைத்துக்கொண்டு காரைச் செய்கிறான், நாம் அதை நம் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். ஒர்க்‌ஷாப்புக்குப் பழைய காராக வந்தால், ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோகும் இரண்டு குழாயையும் அறுத்து, ஒன்றோடு ஒன்றை வளைத்துச் சேர்த்துக் கிளிப் போட்டுவிடுவார். இன்ஜினுக்குள் தண்ணீரைத் தேக்கிச் சூடேற்றும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவார். இன்ஜின் குளுகுளு என்று இருக்கும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். பினாங்கில் கார் ரிப்பேர் பார்க்கிற போர்மென்களில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். மோகனராஜ் மற்றவர்களைவிடச் சுத்தமாகச் செய்வார், அவ்வளவுதான் வித்தியாசம்.

தன் காருக்கும் அதையேதான் செய்திருந்தார். அன்றைக்குத் தனலெட்சுமி கேட்டபோது, "இருந்துச்சு, நாந்தான் அறுத்துவிட்டுட்டேன், திரும்பப் போடணும்னா டேஷ்போர்டு முழுசையும் கழட்டணும், ஒரு நாள் முழுக்கப் போயிரும்" என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவருக்கு அலுப்பு. காலையிலிருந்து இரண்டு கியர்பாக்ஸ் இறக்கியிருந்தார். ஊரார் காருக்கெல்லாம் முதுகு ஒடிய வேலை செய்துவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் சொந்தக் காருக்கு அடியில் படுப்பதா என்று தோன்றியது. கிடையாது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை மூன்று வருஷம் ஓடியது.

செவ்வாய், வியாழன், சனி. பகல் பன்னிரண்டரைக்கு அவளை டவுனில் இருக்கிற நிலையத்தில் கொண்டுபோய் விடுவார், ஐந்து மணிக்குப் போய் ஏற்றிக்கொள்வார். அங்கிருந்து ஆயர் ஈத்தாமில் இருக்கும் வீட்டுக்கு வர, ஜாம் இல்லாவிட்டால் இருபது நிமிஷம். ஐந்து மணிக்கு ஜாம் இல்லாத நாள் எது? முக்கால் மணி நேரம், மழை பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கும் மேலே. கண்ணாடியை ஏற்றி ஏர்கோனை அணைத்தால் அவளுக்குப் புழுக்கத்தில் குமட்டும், கண்ணாடியில் ஆவி படிந்து முன்னால் போகிற கார் தெரியாது. கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகையும் காற்றும் நேராக அவள் மேல் அடித்துக் குளிர் இரண்டு மடங்காகும். மோகனராஜ் கனத்த உடம்புக்காரர். உட்கார்ந்த இடத்தில் அவருக்கு வேர்க்கும். "கொஞ்சமா வச்சிக்கிறேன் தனம்" என்று ஏர்கோனைப் போடுவார். அந்தக் கொஞ்சம், அடுத்த சிக்னலில் இன்னும் கொஞ்சமாகும்.

அவள் காலுறை போட ஆரம்பித்தாள். பிறகு கோலாலம்பூரிலிருக்கும் மகள் ஷர்மினி அனுப்பிய கம்பளி ஸ்வெட்டர். அதற்கு மேல் ஒரு போர்வை. முப்பத்து மூன்று டிகிரி ஊரில் ஒரு பொம்பளை அப்படிச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சிக்னலில் நிற்கிற மோட்டார்சைக்கிள்காரன் குனிந்து பார்ப்பான். மோகனராஜும் சும்மா இருக்கமாட்டார். "என் வீட்டம்மாவுக்குக் கெமரன்மலைக் குளிரு காருலேயே கெடைக்குது, டிக்கெட் செலவே மிச்சம்" என்று நர்ஸுகளிடம் சொல்லிச் சிரிப்பார். முதல் வருஷம் தனலெட்சுமியும் கூடச் சிரித்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு வியாழக்கிழமை அவருக்கு நேரமாகிவிட்டது. ஒரு டாக்ஸி, பாலத்துக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது, வந்து பாருங்கள் என்று போன்மேல் போன். மோகனராஜ் ஸஹ்ராவைக் கூப்பிட்டார். ஸஹ்ரா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய உம்மா நூர்ஜானுக்கும் அதே நிலையத்தில், அதே நேரத்தில், தனலெட்சுமிக்குப் பக்கத்துப் படுக்கையில்தான் டயாலிசிஸ். அவர்கள் வீடும் ஆயர் ஈத்தாம்தான்.

"அதுக்கென்னண்ணே, அக்காவ நான் ஏத்திட்டுப் போறேன். நீங்க மெதுவா வாங்க" என்றாள் ஸஹ்ரா.

மோகனராஜ் நிம்மதியாக டாக்ஸிக்கு அடியில் போய்ப் படுத்தார். அந்த நேரத்தில் அவருக்கு ஒன்றை ஞாபகப்படுத்த யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது தனலெட்சுமி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் நாளில் அவள் வந்ததும் படுக்கையில் விழுந்துவிடுவாள், அவர்தான் கடையிலிருந்து எதையாவது தாப்பாவ் பண்ணிப் பொட்டலமாகக் கொண்டு வருவார். இன்றைக்கு உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டர் மடித்தபடி நாற்காலி முதுகில் கிடந்தது.

"ஸஹ்ரா வண்டி சூடா இருந்துச்சு" என்றாள், பயற்றங்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மோகனராஜ் திரும்பி வெளியே நின்ற தன் காரைப் பார்த்தார். "ஆமா, வெயில்ல நின்ன வண்டி" என்றார்.

"வெயில் இல்ல. ஹீட்டரு. கால்ல வந்து படுது. நூர்ஜானம்மா தூங்கியே போயிட்டாங்க." ஒரு காயை எடுத்து இரு முனையையும் கிள்ளிப் போட்டாள். "நீங்கதான் செஞ்சு குடுத்தீங்களாம். ரெண்டு வருஷம் ஆச்சாம். ஒரே நாள்ல முடிச்சிக் குடுத்தாரு அக்கா, ஒங்க வீட்டுக்காரருக்குத் தங்கமான கைன்னு சொன்னா."

தங்கமான கை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றது.

ஆமாம், அவர்தான் செய்து கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸஹ்ரா வந்து, உம்மாவுக்கு வண்டியில் குளிர் தாங்கவில்லை, இந்த ஹீட்டர் வேலை செய்யவில்லை, பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டாள். காசு கொடுத்துக் கேட்டாள். மோகனராஜ் முழங்காலில் நின்று டேஷ்போர்டைக் கழற்றி, சுடுதண்ணீர் சுற்றிவரும் பெட்டியான ஹீட்டர் கோர் அடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அதை மாற்றி, சாயங்காலம் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். சூடான காற்று முட்டியில் பட்டபோது அவருக்குத் தனம் ஞாபகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? மறுநாளே தன் காரையும் பிரித்திருக்கலாம். ஆனால் பிரித்தால், கிடையவே கிடையாது என்று சொன்ன ஹீட்டர் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்பாள். ஒரு வருஷமாகப் பொய் சொல்லியிருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தன் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள அவளைக் குளிரில் விட்டுவைத்தார். வேறு வார்த்தை போட்டுச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

"அது வேற மாடல் தனம்" என்றார் இப்போது.

பொய்களிலேயே படுமட்டமான பொய் அது. சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது.

"அதே வண்டிதாங்க. அவளது வெள்ள, நம்மளது சாம்பல். இதே நீலம், இதே செவப்பு. நான் உக்காந்து பாத்துக்கிட்டேதானே வந்தேன்."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவரும் பதிலுக்குச் சத்தம் போட்டு, நடுவில் எங்கேயாவது ஒரு மன்னிப்பைத் திணித்திருப்பார். அவள் சமைத்தாள், பரிமாறினாள், தட்டைக் கழுவினாள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மோகனராஜ் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வாசலில் ஸஹ்ராவின் வெள்ளைக் கார் நின்றது. தனலெட்சுமி பையோடு அதில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"போகும்போதும் வரும்போதும் நானே கூட்டிக்கிட்டுப் போறேண்ணே. ஒரே வழிதானே. அக்கா கேட்டாங்க" என்றாள் ஸஹ்ரா, ஒன்றும் தெரியாதவளாக.

அக்கா கேட்டாங்க. முப்பத்தோரு வருஷக் கல்யாணத்தில் தனலெட்சுமி வெளியாள் யாரிடமும் எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை.

மோகனராஜுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. டேஷ்போர்டைக் கழற்றத் தெரியும். அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பைப் பாதியில் சாத்திவிட்டு, பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருக்கிற ஹாஃப்கட் கடைக்குப் போனார். ஜப்பானிலிருந்து பாதி பாதியாக வெட்டிக் கொண்டுவந்த கார்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஹீட்டர் கோர் வேண்டும் என்றதும் கடைக்காரச் சீனர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஹீட்டரா? பாஸ், ஐஸ்லாந்துக்கா போற?"

"கஸ்டமருக்குலா" என்றார் மோகனராஜ். அதற்கும் ஒரு பொய்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டுப் போர்ச்சிலேயே வேலையை ஆரம்பித்தார். ஒர்க்‌ஷாப்பில் வைத்துச் செய்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் அவள் பார்க்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. தனலெட்சுமி ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறாளா இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதலில் பானெட்டைத் திறந்தார். இன்ஜினுக்குப் பின்னால், அவர் எட்டு வருஷத்துக்கு முன்னால் வளைத்துச் சேர்த்த குழாய் இன்னும் அப்படியே இருந்தது. ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. அந்த நேரத்திலும் நல்ல வேலை என்று மனசின் ஒரு மூலை பாராட்டியது, வெட்கம்கெட்ட மனசு. கிளிப்பைத் தளர்த்தி அதைக் கழற்றி எறிந்தார். பிறகு உள்ளே போனார். கன்ஸோல், ரேடியோ, ஸ்டியரிங்கைத் தாங்கும் போல்ட்டுகள், கையுறைப் பெட்டி, கடைசியில் டேஷ்போர்டு. ஒவ்வொன்றையும் கொண்டுவந்து பழைய பேப்பரின் மேல் வரிசையாக வைத்தார். ஸ்குரூக்களை வெறும் மார்ஜரின் டப்பாக்களில் பிரித்துப் போட்டார்.

டேஷ்போர்டு வெளியே வந்ததும் இன்னொன்று கண்ணில் பட்டது. குமிழைச் சிவப்புக்குத் திருப்பினால் காற்றை ஹீட்டர் பக்கம் திருப்பிவிடும் கதவு ஒன்று உள்ளே உண்டு. அந்தக் கதவின் கை, ஒரு செப்புக் கம்பியால் குளிர்ப் பக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கம்பி இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. மோகனராஜ் இடதுகைக்காரர். ஏர்கோன் இன்னும் கொஞ்சம் ஜில்லென்று வரட்டும் என்று எந்த வருஷமோ அவரே கட்டியது. அவள் அந்தக் குமிழைத் திருப்பிப் பார்த்த அன்றைக்கு, கதவு அசையக்கூட இல்லை. பிளையரை எடுத்து அந்தக் கம்பியை வெட்டினார். வெட்டின துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

இத்தனை வருஷம் வறண்டு கிடந்து துருப்பிடித்த பழைய கோரை எடுத்துவிட்டு, வாங்கிவந்ததை மாட்டி, குழாய்களைச் சேர்த்து, கூலண்ட் ஊற்றி, டேஷ்போர்டைத் திரும்ப வைப்பதற்கு முன்னால் இன்ஜினைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். காற்றில் கையை வைத்தார். குளிர்தான். இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் வெதுவெதுப்பு, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்ச் சூடுகூட இல்லை. சூடு காட்டும் முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. இன்ஜின் சூடேறினால்தானே குழாய் சூடேறும்! தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்ட புண்ணியவான் யார்?

ஸ்டோர் அறையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துவந்து கொட்டினார். ஊரார் கார்களிலிருந்து கழற்றிய தெர்மோஸ்டாட்டுகள் கலகலவென்று விழுந்தன. அளவு பார்த்து இரண்டைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வாய் திறக்க வேண்டும், திறந்தால்தான் நல்லது. கைக்குக் கிடைத்த சட்டியில் தண்ணீர் வைத்து இரண்டையும் போட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது கோப்பிச் சட்டி" என்றாள் பின்னால் வந்து நின்ற தனலெட்சுமி.

"கழுவிக் குடுத்துர்றேன்."

"வேணாம். வச்சிருங்க, நான் வேற வாங்கிக்கிறேன்."

தண்ணீர் கொதித்தது. இரண்டில் ஒன்று மெல்ல வாயைத் திறந்தது. "தொறந்துருச்சு, பாத்தியா?" என்று ஆசையாகத் திரும்பினார். அவள் கூடத்துக்குப் போயிருந்தாள்.

ஒரு மணிக்கு மேசைமேல் சாப்பாடு வைத்திருந்தாள். சோறு, மீன் குழம்பு, அப்பளம். அவளுக்கு உப்பில்லாத பயற்றங்காய் தனியாக. அவர் கை கழுவிவிட்டு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்த அலுப்பு, மீன் குழம்பு, மேலே சுற்றுகிற காற்றாடி. சோபாவில் சாய்ந்தவர் மூன்று மணிக்குத்தான் கண் விழித்தார்.

தெர்மோஸ்டாட்டைப் பொருத்தி மறுபடி இன்ஜினைப் போட்டார். இந்தத் தடவை முள் ஏறி நடுவில் வந்து நின்றது. குழாயைத் தொட்டார். ஒன்று கையைச் சுட்டது, மற்றது ஜில்லென்று இருந்தது. தண்ணீர் உள்ளே போகிறது, ஆனால் சுற்றி வெளியே வரவில்லை, நடுவில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஜாக்கி வைத்துக் காரின் மூக்கைத் தூக்கி, இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு, மறுபடி இன்ஜினை ஓடவிட்டார். குழாயைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டார். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. கடைசியாக ஒரு பெரிய கொப்பளிப்பு வந்து, தண்ணீர் மட்டம் சடாரென்று இறங்கியது. ஊற்றினார். இரண்டு குழாயும் கையைச் சுட்டன. உள்ளே போய்க் குமிழைச் சிவப்புக்குத் திருப்பினார்.

சூடான காற்று வந்தது. மோகனராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. வேர்வை என்று வைத்துக்கொள்ளலாம், வேர்வையும் இருந்தது.

டேஷ்போர்டை மாட்டி முடிக்க ஆறு மணி ஆனது. "தனம், ஒரு நிமிஷம் வந்து பாரேன்" என்று போர்ச்சிலிருந்து கூப்பிட்டார்.

"அடுப்புல வேல இருக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அடுப்பு அணைந்துதான் இருந்தது, ஜன்னல் வழியாக அவருக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை வெள்ளைக் கார் வந்தது, அவள் அதில் போனாள். அதில் வந்தாள். மோகனராஜ் போர்ச்சில் நின்று கையசைத்தார். நூர்ஜானம்மாதான் பதிலுக்குக் கையசைத்தார்.

புதன்கிழமை மாலை ஸஹ்ரா போன் செய்தாள். உம்மாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், நாளைக்கு அக்காவை அண்ணனே கூட்டிப்போகட்டும். நூர்ஜானம்மாவுக்காக மோகனராஜ் நிஜமாகவே கவலைப்பட்டார். அதோடு கூடவே ஒரு சந்தோஷமும் எழுந்தது. அதற்காக அவர் வெட்கப்பட்டாலும், சந்தோஷம் போகவில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. மோகனராஜ் நாலே முக்காலுக்கெல்லாம் நிலையத்தின் வாசலில் காரை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, குமிழைச் சிவப்பின் கடைசிவரை திருப்பி வைத்தார். கார் உள்ளே சூடேறியது. அவருடைய சட்டை முதுகில் ஒட்டியது. ஐந்து மணிக்கு அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, குடையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அவள் ஏறினாள். உதடு வெளுத்து, தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து போர்வையை எடுக்கப் போனவள் நிறுத்தினாள். காலடியிலிருந்து வந்த சூடு அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். கைகளை நீட்டிக் காற்று வருகிற இடத்தில் வைத்தாள், ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கைகளை. மக்காலிஸ்டர் ரோட்டைத் தாண்டுவதற்குள் தாடை நடுக்கம் நின்றது. மோகனராஜ் ஒரு கண்ணை ரோட்டிலும் ஒரு கண்ணை அவள் மேலும் வைத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தார். திட்டினாலும் பரவாயில்லை.

ஆயர் ஈத்தாம் ரோட்டில் ஜாம். மழையில் சிவப்பு விளக்குகள் வரிசையாக நின்றன. அவருக்கு நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

அவள் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சீங்க" என்றாள். "ஆறு மணிக்கு முடிச்சிட்டீங்க. நடுவுல சோறு சாப்பிட்டுட்டு, தூங்கி எந்திரிச்சும் வந்தீங்க."

வைப்பர் இரண்டு தடவை போய்வந்தது. மூன்று வருஷமும், வாரத்துக்கு மூன்று தடவையும், எல்லாம் அந்தப் பத்து மணி நேரத்துக்கு எதிரே வந்து நின்றன.

"தனம், நான் வந்து..."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

கார் பத்தடி நகர்ந்து நின்றது. அவருடைய சட்டை முழுக்க நனைந்து, ஸ்டியரிங் கையில் வழுக்கியது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், அன்றைக்கு முதல் தடவையாக.

"உங்களுக்கு வேர்க்குது. ஏர்கோனப் போட்டுக்குங்க."

"வேணாம் தனம். எனக்கு ஒன்னும் இல்ல. நீ கைய வச்சிக்கோ."

"போட்டுக்குங்க. எனக்குப் பழகிப்போச்சு."

அவள் கையை நீட்டி ஏர்கோன் பொத்தானை அமுக்கிவிட்டுக் குமிழைச் சிவப்பிலிருந்து நீலத்துக்குத் திருப்பினாள், மூன்று வருஷத்துக்கு முன்னால் திருப்பி வைத்த அதே மாதிரி. குளிர்ந்த காற்று வர ஆரம்பித்தது. மோகனராஜ் பதறிப்போய்க் குமிழைத் திரும்பச் சிவப்புக்குக் கொண்டுபோகக் கையை நீட்டினார். அவளுடைய கை குமிழின் மேலேயே இருந்தது, எடுக்கவில்லை. அந்தக் கையை விலக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவள் மற்றொரு கையால் பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்தாள். பிறகு போர்வையை. கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடினாள். வீட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.